அன்னம் கழற்றிய விளக்கு

கல்யாண மாப்பிள்ளைக்கு,

போனில் நீ கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் நாம் இரண்டு பேரும் இந்தத் தீவுப் பேச்சான க்ரேயோலுக்குத் தாவிவிடுவோம், க்ரேயோலில் என்னால் உன்னை ஜெயிக்கமுடியாது. அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, மெதுவாகப் படி. ரோலானை நான் நேரில் போய் அழைக்கவேண்டும், நான் அழைக்காவிட்டால் அவன் வரமாட்டான், அவன் வராவிட்டால் மணவறையில் உன் உடம்பு மட்டும்தான் உட்கார்ந்திருக்கும் என்றாய். வசனம் நன்றாகத்தான் இருந்தது. ஹோட்டல் வரவேற்பறையில் வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசி உனக்கு வாய் வளர்ந்துவிட்டது. ஆனால் போனை வைத்தபிறகுதான் நீ கேட்டது எனக்கு உறைத்தது. என் சீர்விளக்கைத் திருடியவன் என்று நான் நினைக்கிற ஒருவனை, என் வீட்டு முதல் கல்யாணத்துக்கு, நானே போய்க் குங்குமம் கொடுத்து அழைக்கவேண்டும் என்கிறாய். இல்லையென்றால் உன்னை இழந்துவிடுவேன் என்று மிரட்டவும் செய்கிறாய்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று நீ சொல்வது பொய்யில்லை. ஆனால் அது பிறவிக் குணம் இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்த்தது. உன் அப்பாவைக் கோவிலில் நாதஸ்வரம் வாசிக்க மன்னார்குடியிலிருந்து இந்தத் தீவுக்கு வரவழைத்தபோது நானும் கூடவே வந்தேன். அந்த வருஷங்களில்தான் கரும்புக் காட்டை ஒட்டியெல்லாம் பின்னலாடைத் தொழிற்சாலைகள் முளைத்தன. விடியும்போதே பஸ்கள் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். எனக்குத் தைக்கத் தெரியாது, பின்னத் தெரியாது. காத்ர் போர்ன் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனபோது மேலாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இந்தத் தீவில் உனக்கு உறவுக்காரர்கள் யாராவது உண்டா? இல்லை என்றேன். மறுநாளே வாசலில் நிறுத்திவிட்டார், வேலை முடிந்து போகிற பெண்களைச் சோதனை போட. இங்கே யாரைத் தொட்டாலும் யாருக்காவது மாமன் மகளாக இருப்பாள், இல்லையென்றால் அவர்கள் பிள்ளைக்கு ஞானத்தாயாக இருப்பாள். சோதிக்கிறவள் கண்ணை மூடிக்கொள்வாள். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள இங்கே ஒரு ஆள் இல்லை. அந்தத் தகுதிக்காகத்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

கூடை, இடுப்பு, கொண்டை என்று வரிசையாகத் தடவிப் பார்ப்பேன். கொண்டைக்குள் நூல்கண்டு வைத்திருந்தவளைப் பிடித்திருக்கிறேன். பாவாடைக்குள் ஸ்வெட்டரின் கைகளை இடுப்பில் முடிச்சுப்போட்டுக்கொண்டு, மாசமாக இருக்கிறேன் என்று சாதித்தவளையும் பிடித்திருக்கிறேன். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். முகத்தை நம்பக்கூடாது, கையைப் பார்க்கவேண்டும். ஒன்றும் எடுக்காதவளின் கை சும்மா இருக்காது. கூடையைத் தானே திறக்கும், முடியை ஒதுக்கும், என்னைப் பழித்துக்காட்டும். எடுத்தவளின் கை மட்டும் பிடித்துவைத்த பிள்ளையாராக அசையாமல் இருக்கும். இத்தனை வருஷத்தில் இது தவறியதே இல்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு ஒரு புத்திமதியாவது சொல்லாவிட்டால் நான் என்ன அம்மா? சொல்கிறேன், கேள். உன் மனைவியின் கைப்பையை ஒருநாளும் திறக்காதே. சில்லறை எடுக்கக்கூடத் திறக்காதே. வாசலில் சம்பளத்துக்காகத் திறந்துகொண்டிருந்த எனக்கு வீட்டுக்கு வந்தும் கை நிற்கவில்லை. உன் அப்பாவின் ஜிப்பாப் பையில் கைவிட்டுப் பார்க்காமல் நான் துணி துவைத்ததில்லை. ஒருநாள் அவர் கோவிலிலிருந்து வந்து, வாசற்படியிலேயே நின்று, இரண்டு பக்கப் பையையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்த மோகா ஊர்ப் பெண் நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். அவளையும் நான் ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டேன், அது போதும். நீ பார்க்கவேண்டாம்.

சரி, ரோலான் விஷயத்துக்கு வருகிறேன். அது அந்தப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒரு தடித்த பிரெஞ்சு நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். நான் சமைக்கும்போது நீ அடுக்களை வாசலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாய். ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போனவன் ஒருவன். வெளியே வந்த பிறகு அவனுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கிறார் ஒரு பெரிய பாதிரியார். அவன் விடிவதற்குள் அவர் வீட்டு வெள்ளிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தால், நான்தான் கொடுத்தேன், இந்த மெழுகுவத்தித் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அதையும் எடுத்துக் கொடுக்கிறார். அந்த இடம் வந்தபோது நீ புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாய். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மனுஷனுக்கு வீட்டில் பெண்டாட்டி இல்லை, அதனால்தான் தூக்கிக் கொடுக்கிறார் என்றேன். நீ புத்தகத்தோடு எழுந்து போனாய், மறுநாள் வந்துதான் மிச்சத்தைச் சொன்னாய். அவன் திருந்திப் பெரிய முதலாளி ஆகிறான் என்றாய். முதல் எங்கிருந்து வந்தது, வெள்ளி விற்ற காசுதானே என்றேன். காலமெல்லாம் அவனைத் துரத்திய போலீஸ்காரன் கடைசியில் ஆற்றில் விழுந்து செத்தான் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். எனக்கு அழுகை வந்தது. ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு இந்தக் கூலியா என்று இருந்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ ஹோட்டலில் சேர்ந்த பிறகு அதே கதை பாட்டும் கூத்துமாகத் திரும்பி வந்தது. பாரிஸிலும் லண்டனிலும் மேடையேற்றினார்கள் என்று கேசட் கொண்டுவந்து காது வலிக்கப் போட்டாய். பிறகு நீயும் உன் ஹோட்டல் ஆட்களும் சர்ச்சில் பாடுகிற பிள்ளைகளும் சேர்ந்து அதைக் க்ரேயோலில் போடுவதாகக் கிளம்பினீர்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் காத்ர் போர்ன் சர்ச் மண்டபத்தில் ஒத்திகை. உனக்குப் பாதிரியார் வேஷம். ஜெயிலிலிருந்து வந்தவனாகப் பாட ரோலானைப் பிடித்தீர்கள், அவனோ நிஜமாகவே ஜெயிலிலிருந்து வந்தவன். கடற்கரை பங்களா ஒன்றில் புகுந்து திருடியவன். அவன் குடும்பப் பெயரைக் கேட்டால் நம் ஊர்க்காரன் என்று நினைக்கத் தோன்றும், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, கழுத்தில் சிலுவை. குரலைச் சும்மா சொல்லக்கூடாது. அவன் நம் வீட்டில் சாப்பிட வந்தபோது உன் அப்பா அவனைப் பாடச் சொல்லி, கண்ணை மூடித் தாளம் போட்டார். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். என்னைத் தாந்தின் என்று கூப்பிட்டான், நாம் அத்தை என்கிற மாதிரி. ரசத்தை மூன்றாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான். அவன் போனபிறகு நான் டம்ளர்களை எண்ணியதை நீ பார்த்துவிட்டாய். எல்லாம் சரியாக இருந்தது. அதற்கும் நீ கோபித்துக்கொண்டாய்.

மேடைக்குச் செய்த தகர மெழுகுவத்தித் தண்டு மேசையில் வைத்தால் டப்பா மாதிரி சத்தம் போடுகிறது, உன் குத்துவிளக்கைக் கொடு என்று வந்து நின்றாய். என் அம்மா வீட்டில் சீர் கொடுத்த வெள்ளி விளக்கு ஜோடி. முடியாது என்றேன். உன் அப்பா, ஒரு நாடகத்துக்குத்தானே என்றார். ஒரு நிபந்தனை போட்டேன். விளக்கின் உச்சியில் இருக்கிற அன்னத்தையும், எண்ணெய் விடுகிற தட்டையும் திருகிக் கழற்றி என்னிடமே வைத்துக்கொண்டேன். அடியும் தண்டும் மட்டும்தான் உனக்கு. மெழுகுவத்தியை அதில் செருகிக்கொள், தலை இல்லாத விளக்கை எவன் வாங்குவான், எவனும் திருடமாட்டான் என்றேன். வெள்ளியை உருக்கிவிட்டால் தலை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணியையும் நூலையும் காவல் காத்தவளுக்கு உருக்குகிற சாமானைப் பற்றி என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நகரசபை மண்டபத்தில் நாடகம். தொழிற்சாலைப் பெண்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். உன்னை அங்கி போட்டுப் பார்த்தபோது பெருமையாகத்தான் இருந்தது. என் விளக்குத் தண்டுகளை நீ ரோலான் கையில் வைத்து அழுத்தினாய். அவன் பாடினான். பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். நான் தண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு மேடையில் ஒரு தொழிற்சாலை வந்தது. அதில் மேற்பார்வை பார்க்கிற பெண் ஒருத்தி, ஏழைத் தாய் ஒருத்தியைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டுத் துரத்துகிறாள். இவளைப் பற்றி நீ அடுக்களை வாசலில் எனக்குச் சொல்லவே இல்லை. உனக்கு அவள் முக்கியமாகப் படவில்லையா, அல்லது எனக்காக மறைத்தாயா, இன்றுவரை தெரியாது. மண்டபத்தில் எல்லோரும் அவளைப் பார்த்து ஊளையிட்டார்கள். பிறகு முன்வரிசையில் ஒருத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் இன்னொருத்தி திரும்பினாள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின, ஒவ்வொரு இடுப்பும் நான் தடவிப் பார்த்த இடுப்பு. உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்தவள் எதற்குக் குனியவேண்டும்?

நாடகம் முடிந்ததும் நான் வாசலுக்குப் போய் நின்றேன். நடிகர்களின் பைகளைப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றேன். மானத்தை வாங்காதே மா என்று நீ என்னை இழுத்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்து நாடகச் சாமான் மூட்டையைப் பிரித்தால் ஒரு தண்டுதான் இருந்தது. மறுநாள் காலையில் உன்னிடம் சொல்லாமல் நானே போலீஸுக்குப் போய் ரோலான் பெயரைக் கொடுத்தேன். அந்த மண்டபத்தில் பட்ட கோபத்தில்தான் போனாயா என்று நீ அப்புறம் கேட்டாய். கோபம் இருந்தது. விளக்கும் காணாமல் போயிருந்தது. இரண்டும் உண்மை.

மத்தியானம் ரோலானை ஏற்றிக்கொண்டு போலீஸ் ஜீப் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது. ரோலான் முகத்தில் ஈயாடவில்லை. போலீஸ்காரர் நிதானமானவர், நடந்ததை ஒருமுறை சொல்லுங்கள் மதாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ உள்ளேயிருந்து வந்தாய். "அந்த விளக்கை நான்தான் அவனுக்குக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாது" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. பெற்ற பிள்ளை என் வாசலில் நின்று என்னிடமே பொய் சொல்கிறான் என்று தெரிந்துவிட்டது. அல்லது அப்படி எனக்குப் பட்டது. போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, உங்கள் மகன் சொல்வது சரியா என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ரோலான் உள்ளே போவான், நீயும் பொய்ச் சாட்சி சொன்னவன் ஆவாய். "கொடுத்திருப்பான். அவன் அப்பா மாதிரி" என்றேன். ஜீப் போய்விட்டது. என் கைகள் முந்தானையை முறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசியதில்லை. நீ வடக்கே ஹோட்டல் பக்கமே அறை எடுத்துக்கொண்டாய். வருவாய், சாப்பிடுவாய், கடைசி பஸ்ஸுக்கு வெகு முன்னாலேயே கிளம்பிவிடுவாய். ரோலான் பெயிண்ட் அடிக்கிறான், ரிவியேர் டு ராம்பாரில் வீடு கட்டுகிறான், கல்யாணம் ஆகிப் பெண்குழந்தை இருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொல்வதுபோல எனக்குக் கேட்கச் சொல்வாய். நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன். உன் ஹோட்டல் முழுக்க அவன்தான் வெள்ளையடித்தான் என்றபோது மட்டும் கேட்டேன், முதல் எங்கிருந்து வந்தது என்று. வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டு விளக்கு துலக்குவேன். ஒரு விளக்குதான் எரியும். மற்றதன் அன்னமும் தட்டும் பூஜை அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கும், அதையும் துலக்குவேன். எதற்கு என்று உன் அப்பா ஒருமுறை கேட்டார். தண்டு கிடைத்தால் பொருத்தவேண்டாமா என்றேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது தண்டு இல்லை தம்பி. நீ கொடுத்தாயா, அவன் எடுத்தானா, அது தெரியவேண்டும். உன்னிடம் கேட்கப் பயமாக இருந்தது. நீ இன்னொரு முறை கையை அசைக்காமல் பதில் சொன்னால் என்னால் தாங்கமுடியாது.

நேற்று நான் ரிவியேர் டு ராம்பார் போனேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பத்திரிகை, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம். பைக்குள் ஒரு துணியில் சுற்றிய அன்னம். வீடு பாதிதான் கட்டியிருக்கிறான், மேலே கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றான். அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். நான் நாலு பக்கமும் பார்த்தேன், பழக்கம் போகுமா? தண்டு எங்கேயும் தென்படவில்லை. பத்திரிகையைக் கொடுத்தேன். பிறகு அன்னத்தை எடுத்து மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த க்ரேயோலில், இதை நீ விட்டுவிட்டுப் போய்விட்டாய், இதுவும் அந்த விளக்கோடு சேர்ந்தது என்றேன். வரும் வழியில் பஸ்ஸில் பழகிக்கொண்டே வந்தேன். அந்தப் பாதிரியார் மாதிரி பெருந்தன்மையாகச் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது, அதட்டல் மாதிரிதான் வந்தது.

அவன் கைகளைப் பார்த்தேன். ஒரு இடத்தில் நிற்கவில்லை. கோப்பையை எடுத்தான், வைத்தான், காற்சட்டையில் துடைத்துக்கொண்டான், அன்னத்தைத் தொட்டுவிட்டு விரலை இழுத்துக்கொண்டான். "மோன் வான் லி, தாந்தின்" என்றான். விற்றுவிட்டேன் என்று. அன்றைக்குக் காலையிலேயே, ஜீப் வருவதற்கு முன்பே. நீ கொடுக்கவில்லை என்றான். நீ அவனுக்காக அப்படிச் சொல்லப்போகிறாய் என்று அவனுக்கும் தெரியாதாம், வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்ததாம். அந்தக் காசில் பிரஷ்ஷும் ஒரு ஏணியும் வாங்கினான். இதைச் சொல்ல எத்தனையோ முறை நம் தெருமுனைவரை வந்து திரும்பியிருக்கிறான். ஏணி வெளியே சுவரில் சாய்ந்திருந்தது. பெயிண்ட் சொட்டிச் சொட்டி அதன் நிறமே தெரியவில்லை. கிளம்பும்போது அதை நான் நின்று பார்த்தேன். என் அம்மா எனக்குப் போட்ட சீர் அது. அழுதேன், மறைக்கவில்லை. நான் சந்தேகப்பட்டது சரிதான் என்ற சந்தோஷம் வரும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன். அது வரவில்லை. அன்னத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அவன் பெண் அதைத் தரையில் நீந்தவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே அவன் வருகிறான். நீ மணவறையில் உடம்போடும் உயிரோடும் உட்காரலாம். நீ போலீஸிடம் பொய் சொன்னாய் என்பதும் உறுதியாகிவிட்டது, அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கொள்கிறேன். ரோலான் திருந்திவிட்டானா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான் தெரியும். ஒரு விஷயம் மட்டும் முடிவு செய்திருக்கிறேன், உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று பெண்ணின் நகையும் சீர் வெள்ளியும் வைக்கிற அறையின் சாவியை ரோலானிடம் கொடுக்கப்போகிறேன். முகூர்த்தம் முடியும்வரை அது அவன் கையிலேயே இருக்கட்டும்.

அந்த அறைக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை.

அம்மா